சட்ட உதவி நிலையத்தின் சபையில் யார் அமர்வது?

(மட்டக்களப்பு நாவற்குடாவில் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



நமது ஊரில் ஏழைகளுக்கான சட்ட உதவி நிலையம் ஒன்றை நிறுவுவதென முடிவாகிவிட்டது. வாரத்தில் இரு நாள் வந்திருந்து ஆலோசனை கூற இளஞ் சட்டத்தரணிகள் சிலர் இசைந்துள்ளனர். இடமும் கிடைத்துள்ளது. எஞ்சியிருப்பது ஒன்றே: நிருவாகசபையில் அமர்வோர் யார் என்பது. “அதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம்; பெரிய மனிதர் ஒன்பது பேரின் பெயரைப் பிரேரித்து வழிமொழிந்தால் போதும்” என்று நண்பர் ஒருவர் சற்று முன்னர் என் காதிற் கூறினார். அவர்மீது எனக்கு மதிப்புண்டு. ஆயினும் அந்த ஐந்து நிமிட வேலையைப் பற்றித்தான் நான் இன்று அரைமணி நேரம் பேசப்போகின்றேன்.

ஏனெனில், சட்டத்தரணி இல்லாமையால் நம் மக்கள் இழந்ததிலும், சட்டம் இருக்கிறது என்ற செய்தியே எட்டாமையால் இழந்தது அதிகம்.

ஓர் உதாரணம் தருகின்றேன். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தை அறியாத கமக்காரர் இரார்; பெயர் தெரியாவிட்டாலும் அதன் அடி அவர்களுக்குத் தெரியும். உறுதிக் காணியொன்றை மற்றொருவர் உடையவருக்கு எதிராக, இடையீடின்றி, 10 ஆண்டுகள் ஆண்டால் அக்காணி ஆண்டவருக்கே உரித்தாகும் என்பது அதன் சாரம். போர்க்காலத்தில் வயலையும் வளவையும் விட்டோடியவர்கள் 10 ஆண்டு அல்ல, 20 ஆண்டு கழித்துத் திரும்பினார்கள். திரும்பியபோது தம் வளவில் வேறொருவரின் கிணறு இருந்தது. அவர்களின் துயரை உணர்ந்து, 2016 இல் பாராளுமன்றம் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டத்தை நிறைவேற்றியது. ஆயுதக் குழுக்களின் செயல்களால் தம் காணியுரிமையை நீதிமன்றில் நிலைநாட்ட இயலாதிருந்தோருக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அந்தப் பத்தாண்டுக் கணக்கிற் சேராது என்றது அச்சட்டம். நல்ல சட்டமே. ஆனால் வழக்கிடுவதற்கு அது கொடுத்த அவகாசம் எவ்வளவு? சட்டம் நடைமுறைக்கு வந்த நாள்முதல் 2 ஆண்டுகள். 26 ஆண்டுப் போருக்கு 2 ஆண்டு அவகாசம்! 2018 இல் அந்தக் கதவு சாத்தப்பட்டது.

அதன் பின்னர், பழைய உறுதியைப் பொலித்தீன் உறையிற் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தவர்கள் பலர். அவர்களுள் ஒருவர் கேட்டார்: “ஐயா, கதவு திறந்திருந்தபோது ஏன் ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை?” வர்த்தமானியில் இருந்தது என்று நான் சொல்லலாமா? நெல் விற்கும் விலையையே சந்தைக்குப் போய்த்தான் அறிய வேண்டியிருக்கும் ஒருவரிடம் வர்த்தமானியைப் பற்றிப் பேசுவது ஏளனமாகாதா?

சட்டத்தரணி நீதிமன்ற வாசலில் இருக்கின்றான். வாசலுக்கு வந்தவரை மட்டுமே அவன் அறிவான். வராதவரை அறிந்தவர் யார்? வெல்லாவெளியில் வட்டை விதானையாக இருப்பவர் அறிவார். வவுணதீவில் மாதர் சங்கத்தை நடத்தும் தாய் அறிவார். கூட்டுறவுக் கடையில் கணக்கெழுதுபவர் அறிவார். யாருடைய காணிக்கு யார் வேலி போட்டிருக்கிறார், எந்த வீட்டு அனுமதிப்பத்திரம் செத்தவரின் பெயரில் இருக்கிறது என்பனவெல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். 2016 இல் இத்தகைய ஆறுபேர் ஒரு சபையில் அமர்ந்து, பக்கத்தில் ஒரு சட்டத்தரணியையும் அமர்த்தியிருந்தால், அந்த 2 ஆண்டுகளில் எத்தனை வளவுகள் தப்பியிருக்கும்! நிருவாகசபை அலங்காரமன்று என்று நான் சொல்வது இதனாலேதான்.

கூலியின்றிப் பொதுக்காரியம் பார்க்கும் சபை நமக்குப் புதிதுமன்று. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயம் முதலாக இந்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் வண்ணக்கர்மார் குடிவழியாகத் தெரிவாகிப் பொறுப்பேற்பதை நீங்கள் அறிவீர்கள். ஊர் தன் பொதுச்சொத்தைத் தானே காக்கும் மரபு அது. கமக்காரருக்கோ ஒவ்வொரு போகத்திலும் ஆரம்பக் கூட்டம் உண்டு. உன்னிச்சையிலும் நவகிரியிலும் குளத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த நாளில் கட்டுமாட்டை அப்புறப்படுத்த வேண்டும் என்பதை வெயிலில் இருந்து வாதாடித் தீர்மானிக்கும் மக்கள் இவர்கள். ஒரு சபையின் வேலை என்னவென்று இவர்களுக்கு நான் படிப்பிக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். கோயிற் சபையிலிருந்து கணக்குக் காட்டும் ஒழுக்கத்தை எடுத்துக்கொள்வோம்; முதல் மரியாதை யாருக்கு என்ற சண்டையைக் கோயில் வாசலிலேயே விட்டுவருவோம். இந்த நிலையத்தில் காளாஞ்சி கிடையாது.

இன்னொரு மரபும் இம்மண்ணுக்கு உண்டு. அதை நினைவுகூராமல் மேலே செல்ல என் மனம் இடந்தரவில்லை. 1980களிலும் 1990களிலும் மட்டக்களப்பில் பிரஜைகள் குழுவும் சமாதானக் குழுவும் இயங்கின. பாதிரிமார், ஆசிரியர், பேராசிரியர், வியாபாரி எனப் பலதரத்தாரும் அவற்றில் இருந்தனர். அமெரிக்காவிற் பிறந்து, 1948 இல் இங்கு வந்து, இம்மண்ணிலேயே கண்மூடிய ஹரி மில்லர் அடிகளாரை இங்குள்ள முதியோர் மறந்திருக்க மாட்டீர்கள். அவர்கள் செய்தது என்ன? பிடிபட்டவனின் பெயர், தந்தை பெயர், ஊர், நாள், கொண்டுபோன இடம் இவற்றை எழுதினார்கள். எழுதி, முகாம் வாசலில் நின்று கேட்டார்கள். 1990 செப்டெம்பர் 5 ஆம் நாள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் 158 பேர் என்று இன்று நாம் எண்ணிக்கையோடு சொல்லக்கூடியதாக இருப்பது, அங்கே பொறுப்பாயிருந்தோர் பெயர்களை எழுதிவைத்தமையாலன்றோ? அவர்களுட் பெரும்பாலோர் சட்டம் படித்தவர்களல்லர். அவர்களுக்குச் சம்பளமும் இல்லை, ஆபத்துத்தான் இருந்தது. நமக்கு அந்த ஆபத்து இன்றில்லை. ஆகையால் சாக்குப்போக்கும் இல்லை.

சிலர் கேட்கின்றனர்: “அரசாங்கமே சட்ட உதவி ஆணைக்குழு வைத்திருக்கிறதே, மத்தியஸ்த சபையும் இருக்கிறதே, நீங்கள் எதற்கு?” கேள்வி நியாயமானது. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தாற் பிறந்தது சட்ட உதவி ஆணைக்குழு. அதன் உறுப்பினர் 9 பேர். அவர்களுள் 6 பேரைச் சட்டத்தரணிகள் சங்கமும் 3 பேரை அமைச்சரும் தருகின்றனர். அது செய்யும் பணியை நான் குறைத்துக் கூறேன். என் கட்சிக்காரர் சிலரையே அங்கு அனுப்பியிருக்கிறேன். (கட்சிக்காரர் என்றது வழக்கின் கட்சிக்காரரை; அரசியற் கட்சிக்காரரை அன்று. அவர்களைப் பற்றிப் பின்னர் வருகிறேன்.) ஆனால் அந்தச் சபையில் வழக்காடும் ஏழைக்கென்று ஓர் ஆசனத்தைச் சட்டம் ஒதுக்கவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். மத்தியஸ்த சபை 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தது, ஊரவர் தொண்டாகவே நடத்துவது, பாராட்டுக்குரியது. ஆனால் மத்தியஸ்தர் இருபக்கத்துக்கும் பொதுவானவர். உரிமை இன்னதென அறியாதவன் மத்தியஸ்தத்துக்குப் போனால், அவன் விட்டுக்கொடுப்பது எதனை என்பதே அவனுக்குத் தெரியாது. மத்தியஸ்த சபைக்குப் போகுமுன் அவனுக்கு ஒரு துணை வேண்டும்.

பிற நாட்டார் இதை எவ்விதம் கையாண்டனர்? இந்தியாவில் நீதிபதி கிருஷ்ணையரின் குழு 1973 இல் அறிக்கை கொடுத்தது. 1976 இல் இலவச சட்ட உதவி அரசியலமைப்பிலேயே ஏறியது. இலண்டனில் 1970 இல் வட கென்சிங்டன் என்ற ஏழைப் பகுதியில் முதலாவது சட்ட நிலையம் கடைத்தெருவிலே திறக்கப்பட்டது. அமெரிக்கா ஒருபடி மேலே சென்றது. அங்கே 1974 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பொதுப்பணம் பெறும் உள்ளூர் நிலையம் ஒவ்வொன்றின் சபையிலும் பெரும்பான்மையோர் சட்டத்தரணிகளாக இருத்தல் வேண்டும். ஆனால் மூன்றிலொரு பங்கினர் உதவி பெறத் தகுதியுள்ள ஏழை மக்களாக இருத்தல் வேண்டும். பணக்கார நாட்டின் சட்டமே ஏழைக்கு நாற்காலி போட்டிருக்கும்போது, நாவற்குடாவில் நாம் அவனை வாங்கிலில் இருத்தி வேடிக்கை பார்க்கச் சொல்லலாமா?

ஆதலால் என் முதலாவது பிரேரணை இது. 9 பேர் சபையில் 3 ஆசனம் கமக்காரருக்கும் மீனவருக்கும் கூலித் தொழிலாளருக்கும். சட்டத்தரணிகளுக்கு 3 போதும். எஞ்சிய 3 ஆசிரியர், கணக்காளர், வைத்தியர் போன்றோருக்கு. மூவகையிலும் பெண்கள் இருந்தாக வேண்டும்.

பெண்களைக் குறிப்பிட்டது மரியாதைக்காக அன்று. மட்டக்களப்பின் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: வீடு பெண்ணுக்கு, மருமகன் வந்து வாழ்வான். தாய்வழி உரிமையைக் காத்த முக்குவச் சட்டம் இங்கே ஒருகாலத்தில் நீதிமன்றத்திலும் செல்லுபடியானது. 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு அது மங்கியது. சட்டம் மாறியது, வழக்கம் மாறவில்லை. பின்னர் 1935 இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. அனுமதிப்பத்திரக் காணிக்குப் பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதபோது, அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை ஆண்மக்களை முன்னிறுத்தியது. விளைவு என்ன? மகள் வீடு கட்டி, மரம் வைத்து, தாயையும் தகப்பனையும் கடைசிவரை பார்த்த வளவு, கடுதாசியில் மூத்த மகனுடையதாயிற்று. தமையனும் தங்கையும் முகங்கொடுத்துப் பேசாத குடும்பங்களை இந்த அட்டவணை எத்தனையோ உண்டாக்கியிருக்கின்றது. 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த ஆண்முதன்மையை நீக்கியது. இந்தச் செய்தியை இக்கூட்டத்திலுள்ள தாய்மாரில் எத்தனைபேர் அறிவீர்கள்? கை உயர்த்த வேண்டாம். எனக்குப் பதில் தெரியும். காணாமற்போன கணவனின் பெயரில் அனுமதிப்பத்திரம் இருக்கும் பெண்களின் நிலை இதனினும் சிக்கலானது. மரணச் சான்றிதழ் எடுக்க அவர்களின் மனம் ஒப்பவில்லை. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் இவர்களுக்காகவே “காணாமற்போனமைச் சான்றிதழ்” என்ற ஒன்றைத் தந்தது. அதனால் என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது என்பதை அந்தப் பெண்ணோடு இருந்து பேச ஒரு பெண் வேண்டும். கறுப்புக் கோட்டுப் போட்ட நானல்ல.

காத்தான்குடி நமக்கு அடுத்த ஊர். அங்குள்ள ஏழைச் சகோதரியும் இந்நிலையத்தின் படியேறலாம் என்பது என் எண்ணம். யாருக்கேனும் மறுப்பிருந்தால் இப்போதே எழுந்து கூறுங்கள். முஸ்லிம் விவாக விவாகரத்து வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றில் சட்டத்தரணி தோன்றுதற்கு 1951 ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. அங்கே தனித்து நிற்கப் போகும் பெண்ணுக்கு முன்கூட்டிய ஆலோசனை எவ்வளவு அவசியம்! ஆகவே சபையில் முஸ்லிம் அங்கத்தவர் இருத்தல் வேண்டும்.

இனி, சபையார் செய்யத் தகாதன எவை என்று கூற வேண்டும். இங்கேதான் என் தொழில் நண்பர்களும் சற்று நெளிவார்கள்.

சபை கொள்கை வகுக்கலாம். காணி வழக்கு முதலில், தாபரிப்பு அடுத்தது, நுண்கடன் பிணக்கு அதற்கடுத்தது என்று வரிசை செய்யலாம். வருமான எல்லை விதிக்கலாம். சட்டத்தரணியை நியமிக்கலாம், வேலை செய்யாதவரை நீக்கலாம். ஆனால் ஏற்றுக்கொண்ட வழக்கொன்றில் “இப்படி வாதாடு, அந்தச் சாட்சியை விடு, சமாதானமாய்ப் போ” என்று கட்டளையிடச் சபைக்கு அதிகாரமில்லை. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1970 இலும் 1974 இலும் வெளியிட்ட அபிப்பிராயங்களில் இதனையே வற்புறுத்தியது: சபை வழி காட்டலாம், தனி வழக்கில் தலையிடல் ஆகாது. சிறிய ஊரில் இது எத்துணை கடினம் என்பதை நான் அறிவேன். சபைத் தலைவரின் மைத்துனனுக்கு எதிராக வழக்கு வரும். “நம்ம பொடியன், சொல்லிப் பாருங்கோ” என்று இரவில் ஆள் வரும். அன்று அந்தத் தலைவர் என்ன செய்வார் என்பதை இன்று அவரைத் தெரியும்போதே யோசியுங்கள்.

சபையார் வழக்குக் கோப்பைத் திறந்து பார்க்கவும் கூடாது. 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126 ஆம் பிரிவு, சட்டத்தரணியிடம் கட்சிக்காரர் கூறியதை அவரின் சம்மதமின்றி வெளியிடாமற் காக்கின்றது. 127 ஆம் பிரிவு அந்தக் காப்பை மொழிபெயர்ப்பாளர், எழுதுவினைஞர், பணியாளர் வரை நீட்டுகின்றது. நிருவாகசபை உறுப்பினர் இவர்களுள் எவர்? அவரிடம் சொன்னதற்கு அந்தக் காப்பு உண்டென்று நான் துணிந்து கூறமாட்டேன். நல்லெண்ணத்தோடு கோப்பைப் படித்தவர் நாளை எதிர்ப்பக்கத்துச் சாட்சியாக அழைக்கப்படலாம். அடித்த கணவனைப் பற்றி ஒரு பெண் சொன்ன கதை சபை முடிந்து தேநீர்க்கடையை எட்டுமானால், அடுத்த பெண் அந்தப் படியை மிதிப்பாளா? சபைக்கு வர வேண்டியவை எண்கள்: எத்தனை பேர் வந்தனர், எந்த ஊர், என்ன வகை, எத்தனை முடிந்தன, எத்தனை ஏன் முடியவில்லை. பெயர்கள் அன்று.

அரசியலுக்கு வருகின்றேன். நான் அரசியற் கட்சியொன்றில் வேலை செய்பவன். அதை மறைக்கவில்லை, அதில் எனக்கு வெட்கமுமில்லை. நீதிமன்றம் அரசியலுக்குப் புறம்பானதென்று வாதிடுபவனும் அல்லன். கோடீஸ்வரன் வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். சிங்களப் பரீட்சையிற் சித்தியடையாத தமிழ் எழுதுவினைஞருக்குச் சம்பள உயர்வு மறுக்கப்பட்டபோது, அவர் தனி மனிதராக வழக்கிட்டார். எழுதுவினைஞர் சங்கம் பின்னே நின்றது. 1964 இல் மாவட்ட நீதிமன்றில் வெற்றி. 1967 இல் உயர் நீதிமன்றில் தோல்வி. 1969 இல் பிரிவி கவுன்சில், அரசாங்க ஊழியன் சம்பளத்துக்கு வழக்கிடலாம் என்றது. ஆனால் மொழிச் சட்டத்தைப் பற்றிய பெருங்கேள்வியை அது தொடவில்லை. அத்தகைய வழக்குகள் வேண்டும். அவற்றை நடத்தச் சங்கங்களும் கட்சிகளும் இருக்கின்றன. ஆனால் இந்நிலையத்துக்கு வரும் ஏழை, கொடி பிடிக்க வரவில்லை. அவனுக்கு வேண்டியது தன் இரண்டு ஏக்கர். எதிராளி 1 ஏக்கர் தருகிறேன் என்றால் வாங்கிக்கொண்டு வீடு போக அவனுக்கு உரிமையுண்டு. “இல்லை, இது இனத்தின் வழக்கு, நீ தொடர்ந்து நட” என்று அவனை நிறுத்திவைக்கக் கட்சிக்காரன் ஒருவன் சபையில் இருப்பானாயின் அது கொடுமை. மேலும், சபையில் ஒரு கட்சி இருந்தால் மற்றக் கட்சிக்கு வாக்களித்தவன் வரமாட்டான். வந்தாலும் கிராம உத்தியோகத்தரைப் பார்ப்பதுபோல் நம்மைப் பார்ப்பான்.

ஆகவே என் இரண்டாவது பிரேரணை: எந்த அரசியற் கட்சியிலும் பதவி வகிப்பவர், தேர்தலுக்கு நிற்பவர், நிற்க எண்ணியிருப்பவர் ஒருவரும் இச்சபையில் இருத்தலாகாது. என் பெயரைப் பிரேரிப்பதற்கு இருவர் எழுந்து நிற்பதைக் காண்கின்றேன். அன்புக்கு நன்றி, தயைகூர்ந்து அமருங்கள். சட்டத்தரணியாக வாரம் ஒருநாள் வந்து வழக்குப் பார்ப்பேன். சபையில் இரேன்.

பணத்தைப் பற்றிச் சிறிது. 2007 ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் 34 ஆம் பிரிவின்படி உத்தரவாதத்தால் மட்டுப்படுத்தப்பட்ட கம்பனியாகப் பதிவதா, 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தொண்டர் நிறுவனமாகப் பதிவதா என்பதை உபகுழு ஆராயட்டும். எதுவாயினும் வருடாந்தக் கணக்காய்வு வேண்டும். தொண்டுக்கு வந்தேன் என்பது கையெழுத்திட்டவரைப் பொறுப்பிலிருந்து விடுவியாது. கடல்கோளின் பின்னர், 2005 இலிருந்து, வாவிக்கரை நெடுகிலும் எத்தனை நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் முளைத்தன, எத்தனை இன்று துருப்பிடித்துக் கிடக்கின்றன என்பதைக் கல்லடியிலிருந்து நடந்துபோனாலே காணலாம். திட்டம் 3 ஆண்டு. காணி வழக்கோ 10 ஆண்டுக்கும் போகும். கொடையாளர் போனபின் வழக்காளி நடுத்தெருவில் நிற்பான். வெளிநாட்டுப் பணமே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்பணம் நின்ற அன்றும் கதவு திறந்திருக்குமளவுக்கு ஊர்ப்பணம் இருத்தல் வேண்டும். அறுவடைக்கு வீட்டுக்கு ஒரு மரைக்கால் நெல் கோயிலுக்குக் கொடுக்கும் ஊரில் இது நடவாத காரியமா? சட்டத்தரணிகளும் மாதம் ஒருநாட் கட்டணத்தைத் தரலாம். என் நண்பர்கள் சிலர் இப்போது கூரையைப் பார்க்கின்றனர். அவர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

2014 இல் மண்முனைப் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலைக்கும் நகருக்கும் வழி சுருங்கிற்று. வழக்குச் செலவு சுருங்கவில்லை. தவணைக்கொரு நாட் கூலி போகின்றது. ஆகையினால் நிலையம் நாவற்குடாவில் இருந்தாலும், மாதம் ஒருமுறை சபை வாவிக்கு அப்பால் கூட வேண்டும். சட்டத்தரணியும் கூடப் போக வேண்டும். வெல்லாவெளியில் ஒரு மாதம், வவுணதீவில் ஒரு மாதம், வடக்கே சித்தாண்டியில் ஒரு மாதம். மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரிலிருந்து தெருவில் இருந்த பாற்பண்ணையாளரின் ஊர் அது. மாட்டுக்காரரின் ஆவணங்களையும் ஒருவர் ஒழுங்குபடுத்திக் கொடுக்க வேண்டுமல்லவா?

பிரேரணைகள் இரண்டும் எழுத்தில் செயலாளரிடம் இருக்கின்றன. அவை நிறைவேறினால், சபையின் முதல் வேலையையும் இப்போதே குறித்துவிடலாம். ஊர் ஊராக ஒரு கொப்பி வையுங்கள். அனுமதிப்பத்திரக் காணி எவை, பத்திரத்திலுள்ள பெயருக்குரியவர் உயிரோடு இருக்கிறாரா, பின்னுரித்தாளர் பதியப்பட்டிருக்கிறாரா: இம்மூன்று கேள்விகள் போதும். பதியப்படாதவற்றைப் பெரும்போக விதைப்புக்கு முன்னர் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். விதைப்புத் தொடங்கிவிட்டால் ஒருவரையும் வீட்டிற் காண முடியாது. கொப்பிக்கு வேண்டிய பணத்தை நான் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன்.